எழும்பி நிற்கும்போதுதான் கண்டம்

குதிரைக்கு வாந்தி வராது. நாயோ பூனையோ ஆகாததைத் தின்றுவிட்டால் முற்றத்தில் கக்கிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் இருக்கும் தசைவளையம் அவ்வளவு இறுக்கமானது. குழாய் வந்து சேரும் சாய்வும் அதற்குத் தோதானது. குடல் எங்காவது அடைபட்டால் நீரும் வாயுவும் பின்வாங்கி இரைப்பையில் தேங்கும். தேங்கித் தேங்கி ஒரு கட்டத்தில் இரைப்பையே வெடித்துவிடும். அதனால்தான், வயிற்றுவலிக்கு அழைக்கப்பட்ட மிருக வைத்தியர் வந்த உடனேயே மூக்குத்துவாரம் வழியாக நீளக் குழாயொன்றை இரைப்பைவரை இறக்கிப் பார்க்கிறார். சில குதிரைகளில் பச்சைத் திரவம் வாளிக்கணக்கில் வந்து கொட்டும். கொட்டி முடிந்ததும் குதிரை தலையை இறக்கி மூச்சை ஆறுதலாக விடும்.

ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள மிருகத்துக்கு இரைப்பை மிகச் சிறியது. 8 முதல் 15 லீற்றர்தான் கொள்ளும். மாடு முன்பக்கத்தில் செய்யும் வேலையைக் குதிரை பின்பக்கத்தில் செய்கிறது. இருபது மீற்றருக்கு மேல் நீளமான சிறுகுடலைத் தாண்டியபின், 30 லீற்றரளவு கொள்ளும் குருட்டுக்குடலிலும் அதைவிடப் பெரிய பெருங்குடலிலும்தான் புல் நொதித்துச் செமிக்கிறது. இந்தப் பெருங்குடல் மூன்று நான்கு மீற்றர் நீளம். மடித்து மடித்து வைத்தாற்போல வயிற்றுக்குள் கிடக்கும் அதன் பெரும்பகுதி உடற்சுவரோடு ஒட்டியிருப்பதில்லை. போதாக்குறைக்கு, இடுப்பெலும்புக்குக் கிட்ட அது சட்டென்று திரும்பும் இடத்தில் குழாய் ஒடுங்குகிறது. காய்ந்த தீனியும் குறைந்த தண்ணீரும் சேர்ந்தால் அடைப்பு விழுவது அங்கேதான். வாயு கூடினால் குடல் மிதந்து இடம்மாறும்; மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கில் ஏறிச் சிக்கிக்கொள்ளும்; இல்லாவிட்டால் தன்னைத்தானே ஒரு முழுச்சுற்றுச் சுற்றி முறுகும். முறுகினால் இரத்தம் நின்றுபோகும். பிறகு எல்லாம் மணித்தியாலக் கணக்குத்தான்.

குதிரைச் சூலையின் அறிகுறிகளை லாயக்காரர் எவரும் சொல்வார்கள். முன்னங்காலால் மண்ணைப் பறிக்கும். திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்க்கும். மேலுதட்டைச் சுருட்டும். படுக்கும், எழும்பும், மறுபடி படுத்துப் புரளும். வைத்தியர் பார்ப்பது வேறு சில சங்கதிகள். சும்மா நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 தடவை துடிக்கும். அது 60ஐத் தாண்டினால் நிலைமை சரியில்லை. ஊசியால் வயிற்றறைத் திரவத்தைச் சிறிது எடுத்துப் பார்த்தால் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். சிவந்து கலங்கியிருந்தால் உள்ளே குடல் சாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். வலிக்கு ஊசி போட்டும் வலி அடங்காமல் திரும்பத் திரும்ப வருவது இன்னொரு குறி. இதில் ஒரு கொடுமையும் உண்டு: இரவெல்லாம் புரண்ட குதிரை திடீரென்று அமைதியாகிவிட்டால் வீட்டுக்காரர் ஆறுதலடைவார், வைத்தியர் கலங்குவார். குடல் கிழிந்துவிட்டால் இழுபட்டிருந்த வலி அக்கணமே விட்டுவிடுகிறது.

குதிரை நம் மண்ணின் மிருகமல்ல. பாண்டியர் அரபு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக அதை இறக்கினார்கள். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய மன்னர் ஒருவரே ஆண்டுக்கு 2,000க்கு மேல் குதிரை வாங்குவதாகவும் ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதியிருக்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்தவர் இங்கே இல்லையாம். இறைச்சியோடு அவித்த சோற்றைத் தீனியாகப் போட்டார்களாம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் வேறொரு பட்டியல் தருகிறார்: வறுத்த பார்லி, வெண்ணெய் சேர்த்த தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால். மாணிக்கவாசகர் கதையில் நரிகள் பரிகளாகி, இரவோடிரவாக மறுபடி நரிகளாகி ஓடின. போலோவின் கணக்கு பாதிதான் உண்மை என்று வைத்தாலும், நரியாக மாறாத குதிரைகளும் பாண்டியனிடம் நெடுநாள் தங்கவில்லை.

அந்தப் பட்டியலை இன்றைய மிருக வைத்தியர் ஒருவரிடம் காட்டினால் தலையில் கைவைப்பார். சிறுகுடலில் செமித்து முடியாத அளவுக்கு மாப்பொருள் போனால் மீதி பெருங்குடலில் போய் விழும். அங்கே நார் நொதிக்கும் நுண்ணுயிர்கள் பின்தள்ளப்பட்டு, அமிலம் சுரக்கும் நுண்ணுயிர்கள் பெருகும். வாயு ஏறும், குடற்சுவர் பழுதாகும், நச்சு இரத்தத்தில் கலக்கும். விலையுயர்ந்த விருந்தாளிக்கு வீட்டில் இருப்பதில் நல்லதாகப் பார்த்துப் படைத்தார்கள். புல்லை மட்டும் போட்டிருந்தால் பாண்டியன் கஜானாவில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

கொழும்புக்கும் குதிரைக்கும் உறவு நீண்டது. முதலில் காலிமுகத்திடலில் பந்தயம் ஓடின. 1893இல் கறுவாத்தோட்டத்தில் பந்தயத்திடல் திறந்தது. அந்தக் காலத்தில் குடல் முறுகிய குதிரைக்குச் செய்யக்கூடியது சொற்பம். விடியவிடிய நடக்க வைப்பார்கள், எண்ணெய் புகட்டுவார்கள், அபின் கொடுப்பார்கள், விலாவில் துளையூசி குத்தி வாயுவை இறக்குவார்கள். அதற்கும் மசியாவிட்டால் துப்பாக்கி. கொழும்பில் பந்தயம் தடைசெய்யப்பட்ட 1956ஆம் ஆண்டிலேதான் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹலோத்தேன் என்ற மயக்கமருந்து முதன்முதலாக மனிதருக்குக் கொடுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அது குதிரைகளுக்கும் வந்தது. ஒரு குதிரையை மணிக்கணக்கில் மயக்கத்தில் வைத்திருக்க முடியும் என்றான பிறகே, 1960களின் பிற்பகுதியிலும் 70களிலும், வயிற்றைத் திறந்து குடலைச் சரிசெய்வது நம்பி இறங்கக்கூடிய சிகிச்சையாயிற்று.

நுவரெலியாவில் இன்றும் சித்திரையில் பந்தயம் நடக்கிறது. அங்கே நிற்கும் ஒரு குதிரைக்குச் சாமத்தில் குடல் முறுகியது என்று வைத்துக்கொள்வோம். லொறியில் ஏற்றி, ஹட்டன் வழியாக அவிசாவளைக்கு இறங்கி, ஒருகொடவத்தைச் சந்தியில் கொழும்புக்குள் நுழைய ஐந்து மணித்தியாலம் சொல்லலாம். முறுகிய குடல் உயிரோடு தாங்கும் நேரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். வளைவுக்கு வளைவு லொறியில் தடுமாறி, வியர்த்து, உடல்நீர் வற்றி வந்து சேரும் குதிரை மேசையில் ஏறுவதற்கு முன்பே பாதி தோற்றிருக்கும். எப்போது லொறியில் ஏற்றுவது என்ற முடிவு கத்தி பிடிப்பவரின் திறமைக்குச் சற்றும் குறைந்ததல்ல. காலையில் பார்ப்போம் என்று சொல்லிச் செத்த குதிரைகள் உலகெங்கும் அதிகம்.

சத்திரசிகிச்சைக்கூடத்தில் முதலில் நடப்பதைப் பார்த்தால் நம்புவது கடினம். மயக்கம் கொடுத்ததும் குதிரை சாய்கிறது. நான்கு கால்களிலும் குளம்புக்கு மேலே பட்டி கட்டி, கூரையில் ஓடும் பாரந்தூக்கியில் மாட்டி, ஒருகொடவத்தைச் சுங்க முற்றத்தில் கொள்கலனைத் தூக்குவதுபோல அந்த ஐந்நூறு கிலோவையும் தலைகீழாகத் தூக்கி மேசையில் மல்லாக்கக் கிடத்துகிறார்கள். ஒருவர் தலையை மட்டும் ஏந்திக்கொண்டு கூடவே நடப்பார்.

மல்லாந்து கிடப்பது குதிரை உடல் அறியாத நிலை. குடலின் மொத்தப் பாரமும் பிரிமென்றகட்டை அழுத்தும், நுரையீரல் ஒடுங்கும், இரத்தத்தில் ஒட்சிசன் குறையும். முதுகிலும் பிட்டத்திலும் உள்ள தசைகள் சொந்தப் பாரத்தாலேயே நசுங்கும். இரத்த அழுத்தம் இறங்கவிட்டால், விழித்தபின் அந்தத் தசைகள் வேலைசெய்யாது. அதனால் தடித்த மெத்தை, செயற்கைச் சுவாசம், அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து என்று மயக்கமருந்து வைத்தியர் ஒரு பக்கம் ஓயாமல் போராடிக்கொண்டிருப்பார்.

வயிற்றின் நடுக்கோட்டில், தசையே இல்லாத வெண்ணிற நார்ப்பட்டையில், ஒரு முழத்துக்குக் கிட்ட நீளமாகக் கீறுகிறார்கள். வாயு நிறைந்த குடல் தானாகவே மேலெழுந்து வரும். பெருங்குடலை வெளியே எடுத்துப் பக்கத்துத் தட்டில் கிடத்தி, அந்த ஒடுங்கிய திருப்பத்தில் வெட்டி, தண்ணீர்க் குழாயை உள்ளே விட்டு, நொதித்த தீனி முழுவதையும் கழுவி வெளியேற்றுவதும் உண்டு. பாரம் குறைந்த குடலைத்தான் முறுக்கவிழ்த்துச் சரியான இடத்தில் வைக்க முடியும். பிறகு எல்லோரும் நிறத்தைப் பார்ப்பார்கள். ஊதாவாக இருந்தது பத்து நிமிடத்தில் சிவப்பாகி, இளஞ்சிவப்பாகத் திரும்பினால் குடல் பிழைத்தது. கறுத்தே கிடந்தால் வெட்ட வேண்டும். சிறுகுடலில் ஏறத்தாழ பாதிவரை வெட்டி எடுத்தாலும் குதிரை சமாளித்துக்கொள்ளும். பெருங்குடலில் அடிப்பகுதிவரை கருகியிருந்தால் தைக்க இடமே இராது. அப்படியான குதிரைகளை எழுப்புவதில்லை.

தைத்து முடிந்துவிட்டது. மனிதராக இருந்தால் கட்டிலோடு தள்ளிக்கொண்டுபோய் அறையில் விடுவார்கள், உறவினர் கதவுக்கு வெளியே மூச்சுவிடுவார்கள். குதிரை விஷயத்தில் எல்லோரும் மூச்சைப் பிடிப்பதே இனித்தான். குதிரை இரையாகப் பிறந்த விலங்கு. கண்விழித்த நொடியில் அதன் உடம்புக்குத் தெரிந்தது ஒன்றே: எழும்பி ஓடு. பின்னங்கால்களுக்கு மயக்கம் தெளியுமுன்பே மூளை அந்தக் கட்டளையைப் போட்டுவிடும். பாதி மயக்கத்தில் எழும்பும், விழும், மறுபடி எம்பும். ஐந்நூறு கிலோவும் கோணலாக ஒரு மெல்லிய காலில் விழுந்தால் எலும்பு முறிந்துவிடும்.

1975 ஜூலையில் அமெரிக்காவில் ருஃபியன் என்ற பந்தயக் குதிரை ஓட்டத்தின் நடுவே காலை முறித்துக்கொண்டது. வைத்தியர்கள் இரவில் அறுவைசெய்து கட்டுப் போட்டார்கள். விழித்ததும் அது ஓடுவதாகவே நினைத்துக் கால்களை வீசி, கட்டையும் காலையும் ஒருங்கே நாசமாக்கியது. கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் மிருக வைத்தியசாலையில் இதற்கென்றே ஒரு நீர்த்தொட்டி உண்டு. கால்களை உறைக்குள் விட்ட மிதவையொன்றில் குதிரையை வெந்நீரில் இறக்கி, அங்கேயே விழிக்க விடுகிறார்கள். எவ்வளவு உதைத்தாலும் தண்ணீரைத்தான் உதைக்கும். 2006இல் காலை முறித்துக்கொண்ட பார்பரோ அப்படித்தான் விழித்தது. பெரும்பாலும் கால் எலும்புச் சிகிச்சைக்குத்தான் இந்தத் தொட்டி. புதிதாகத் தைத்த வயிற்றை நீரில் இறக்க யாருக்கும் மனம்வராது.

வயிற்றுக் குதிரைக்குப் பஞ்சுறை போர்த்திய சுவர்களோடு ஓர் அறை. வெளிச்சம் மங்கல், காதில் பஞ்சு, கண்ணுக்கு மேல் துண்டு. அவசரப்பட்டு எழும்பாமலிருக்க ஒரு சிறு அளவு தூக்கமருந்து. கழுத்துவாரில் ஒரு கயிறு, வாலில் ஒரு கயிறு. இரண்டும் சுவர் வளையங்களூடாக வெளியே நிற்பவர்களின் கைக்கு வரும். தூக்கி நிறுத்துவதற்கல்ல, தடுமாறும்போது ஒரு பிடி கொடுப்பதற்குத்தான். இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. குதிரை மூக்கால் மட்டுமே சுவாசிக்கும் மிருகம். மணிக்கணக்கில் மல்லாந்து கிடந்ததில் மூக்குச் சவ்வு வீங்கி அடைத்திருக்கும். அதைக் கவனிக்காமல் சுவாசக் குழாயை இழுத்துவிட்டால், இவ்வளவும் செய்து காப்பாற்றிய குதிரை மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

2002இல் வெளியான பன்னாட்டுக் கணக்கெடுப்பொன்று 41,824 குதிரைகளைக் கணக்கில் எடுத்தது. மயக்கமருந்து பெற்று ஏழு நாட்களுக்குள் இறந்தவை 1.9 வீதம், வயிற்றுச் சூலைக்காரரை நீக்கிப் பார்த்தாலும் 0.9 வீதம். நலமான மனிதரில் மயக்கமருந்தால் மட்டும் இறப்பவர் லட்சத்தில் ஒருவர் என்ற அளவு. சூலையல்லாத காரணங்களுக்கு மயக்கம் கொடுத்து இறந்த குதிரைகளில் ஏறத்தாழ கால்வாசி எலும்பு முறிந்து போனவை. நிலைமை மாறாமலும் இல்லை: 2021இல் வந்த அடுத்த கணக்கில் சூலையல்லாத குதிரைகளின் இறப்பு 0.6 வீதமாகக் குறைந்திருந்தது. சூலைக் குதிரைகளுக்கு 3.4 வீதம்.

நான்கு காலில் நின்றுவிட்ட குதிரையின் அடுத்த தலையிடி குடல். கையால் அளைந்த குடல் கோபித்துக்கொண்டதுபோல அசையாமல் நின்றுவிடும். விலாவில் காதுவைத்தால் ஒரு சத்தமும் வராது. அசையாத குடலில் நீர் தேங்கும், இரைப்பைக்கு ஏறும், வாந்தி எடுக்கவோ வழியில்லை. ஆகவே சில மணித்தியாலத்துக்கொரு தடவை, இரவிலும், யாராவது மூக்குக் குழாயால் அதை இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இறக்கிய லீற்றரை அளந்து, அதற்கீடாக நாளத்தில் திரவம் ஏற்ற வேண்டும். குளம்புகளை நாட்கணக்கில் ஐஸில் வைப்பதும் உண்டு. பழுதான குடலிலிருந்து கசிந்த நச்சு, குளம்பையும் எலும்பையும் பிணைக்கும் இழைகளைத் தாக்கினால் குதிரை நிற்கும் தளமே கழன்றுவிடும். பார்பரோவின் கதை 2007 ஜனவரியில் முடிந்தது இதே குளம்பு அழற்சியால்தான். அதன் காரணம் குடலல்ல, முறிந்த காலுக்கு ஈடாக மற்றக் கால்கள் சுமந்த பாரம்.

முதல் இலத்தி விழுந்ததும் வைத்தியசாலையில் எல்லோர் முகத்திலும் சிரிப்பு வரும். பிறகு ஒரு பிடி பசும்புல், கொஞ்ச நடை, இன்னொரு பிடி. முதல் மாதம் லாயத்துக்குள், கையில் பிடித்து நடத்துவது மட்டும். அடுத்த மாதம் சின்ன அடைப்புக்குள். மூன்றாம் மாதம் திறந்த வெளி. சவாரி அதற்குப் பிறகு. நின்றாலும் நடந்தாலும் குடலின் பாரம் முழுவதும் தைத்த அந்தக் கோட்டின் மேல்தான் என்பதால் அவசரப்பட இடமில்லை. வைத்தியர் குனிந்து வயிற்றின் அடியில் தழும்பு நெடுக விரலை ஓட்டிப் பார்ப்பார். எங்காவது விரல் அமிழ்ந்தால் அங்கே குடலிறக்கம். சின்னதென்றால் வயிற்றுப்பட்டி இறுக்கிக் கட்டி விட்டுவிடலாம். பல குதிரைகள் அதோடேயே ஓடித் திரிகின்றன. பெரிதென்றால் சில மாதம் பொறுத்து மறுபடி பாரந்தூக்கி, மறுபடி மயக்கம், மறுபடி அதே பஞ்சுறை அறை.