தளிர் தேடிய மாணவன்

பெரியோர் மெச்சிய பிள்ளைகள் - 11

சென்ற வாரம் மைக்கேல் ஃபாரடேயை லண்டனில் விட்டுவிட்டு வந்தோம். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகிய பையன், ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் குறிப்பெடுத்து, அதைத் தானே பைண்டு செய்து அவருக்கே அனுப்பி ஆய்வுக்கூடத்தில் இடம் பிடித்தான். டேவி ஐரோப்பா சுற்றப் போனபோது ஏவலாளின் வேலையும் அவன் தலையில்தான் விழுந்தது. இந்த வாரம் நமக்கு மாயூரம்.

1871ஆம் ஆண்டு. உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் தம் மகனை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அழைத்துக்கொண்டு வருகிறார். பையனுக்குப் பதினாறு வயது. தமிழ் படிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லாதவன். பிற்காலத்தில் உ.வே.சாமிநாதையர் என்று நாம் அறியப்போகிறவன்.

பிள்ளையவர்கள் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. பாடம் கேட்க வருகிறவர்கள் சில காலம் இருந்துவிட்டு ஊருக்குப் போய் வருகிறேன் என்று கிளம்புகிறார்கள், பிறகு வருவதே இல்லை என்று தயங்கினார். இதைப் பெரிய மனிதர் காட்டும் பிகு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அவர் பக்கம் நின்று பாருங்கள். பாதியில் போன ஒவ்வொரு மாணவனும் அவருடைய உழைப்பில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். சம்பளம் வாங்கிப் பாடம் சொன்னவர் அல்லர் அவர். மாணவர்களுக்குத் தம் செலவில் சோறும் போட்டு, கடனும் பட்டவர். முதியவர்கள் இளையவர்களை எளிதில் நம்பாததற்கு, ஏற்கெனவே நம்பி ஏமாந்தது பல சமயம் காரணமாக இருக்கிறது.

எத்தனை காலமானாலும் இவன் இருப்பான் என்று தந்தை உறுதி சொன்ன பிறகு பையன் சேர்த்துக்கொள்ளப்பட்டான். ஆனால் பாடம் சொல்லும் வேலை சவேரிநாத பிள்ளை என்ற மூத்த மாணவரிடம் போயிற்று. ஆசிரியரிடமே கேட்கலாம் என்று வந்தவனுக்கு ஏமாற்றம். அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. ஆகவே அவன் பார்க்க ஆரம்பித்தான்.

பிள்ளையவர்களுக்கு மரம் செடிகளின் மேல் ஒரு பித்து உண்டு. வீட்டின் பின்புறத் தோட்டத்தில் வளர்ந்த மரங்களையே கொண்டுவந்து வைத்திருந்தார். அவை பிழைத்தனவா, எங்கேனும் தளிர் விட்டிருக்கிறதா என்று காலையில் போய்ப் பார்ப்பதே அவருடைய முதல் வேலை. இதைக் கவனித்த சாமிநாதன் அவருக்கு முன்னதாக எழுந்து தோட்டத்துக்குப் போனான். எந்தக் கிளையில் எங்கே தளிர் கண்டிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டான். அவர் வந்து தேடும்போது, இதோ இங்கே ஒன்று என்று காட்டினான். சில நாளில் அவரே வந்தவுடன் அவனைத்தான் கேட்கத் தொடங்கினார். அந்த மகிழ்ச்சியான வேளை ஒன்றில், ஐயாவே தனக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்று கேட்டான். கிடைத்தது.

இது காக்காய் பிடிப்பதுதானே என்று கேட்கலாம். சாமிநாதையர் இதை மறைக்கவே இல்லை. எண்பது வயதைத் தாண்டி, 1940இல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ எழுதத் தொடங்கியவர், தளிர் ஆராய்ச்சி என்றே ஒரு அத்தியாயத்துக்குப் பெயர் வைத்தார். தலைப்பிலேயே குறும்பு தெரிகிறது. எனக்கு இதில் முகஸ்துதி தெரியவில்லை. பொய்யாகப் புகழ்கிறவன் இருட்டோடு எழுந்து கிளை கிளையாகப் பார்க்கமாட்டான். கால் பிடித்து விடுவதும் தண்ணீர் எடுத்து வைப்பதும் எந்த ஆசிரியருக்கும் எந்த மாணவனும் செய்யக்கூடியவை. தளிர் தேடுவது இந்த ஒரு மனிதருக்கு மட்டுமே செய்யக்கூடிய பணி. அவர் எதில் மனம் வைத்திருக்கிறார் என்று கண்டுபிடித்தால்தான் அதைச் செய்ய முடியும்.

பிள்ளையவர்களுக்கும் இந்த வழி புதிதல்ல. திருச்சிராப்பள்ளியில் அவர் இளைஞராக இருந்தபோது தண்டியலங்காரம் தெரிந்த பரதேசி ஒருவர் பிச்சை எடுத்துக்கொண்டு திரிந்தார். வேறு யாரிடமும் அந்தப் பாடம் கிடைக்கவில்லை. பிள்ளையவர்கள் தெருத்தெருவாக அவர் பின்னால் நடந்து, அவர் கேட்ட கஞ்சாவையும் வாங்கிக் கொடுத்துப் பாடத்தைக் கேட்டுக்கொண்டார். இந்தச் செய்தியைத் தம் ஆசிரியரின் வரலாற்றில் எழுதி வைத்தவரும் சாமிநாதையர்தான்.

தளிர், கதவைத் திறந்துவிட்டது. அவ்வளவுதான். உள்ளே போன பிறகு எழுத்தாணி பிடிக்க வேண்டியிருந்தது. பிள்ளையவர்கள் வாயால் பாடுவார், ஒருவர் ஏட்டில் எழுதுவார். யோசித்து, அடித்து, திருத்தி வரும் பாட்டல்ல அது, மடை திறந்தாற்போல் வரும். இடையில் யாராவது வந்தால் பேசிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். எழுதுகிறவன் யாப்பு தெரிந்தவனாகவும் கை ஓய்ந்துபோகாதவனாகவும் இருக்க வேண்டும். பனையோலையில் எழுத்தைக் கீறி எழுதிப் பார்த்தவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும். அந்த வேலை சாமிநாதனிடம் வந்து சேர்ந்தது. வீட்டில், திருவாவடுதுறை மடத்தில், பயணத்தில் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினான். எழுத எழுத, பாட்டு எப்படிப் பிறக்கிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனும் ஆனான். எந்தப் பாடத்திலும் அது கிடைத்திருக்காது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. அதைப் பலரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான், கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். மகனும் சங்கீதம் கற்க வேண்டும் என்பது அவர் ஆசை. அப்போது மாயூரத்தில் ‘நந்தனார் சரித்திரம்’ பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். தந்தையின் ஏற்பாட்டில் அவரிடமும் பையன் கற்றுக்கொண்டிருந்தான். பிள்ளையவர்களுக்குச் சங்கீதத்தில் பற்று இல்லை. அந்தப் பக்கம் மனம் போனால் இலக்கியத்தில் நிற்காது என்று கருதினார். அது தெரிந்ததும் சாமிநாதன் பாரதியாரிடம் போவதை நிறுத்திவிட்டான். அவன் மதித்த பெரியவர்கள் மூவர். தகப்பனாரின் விருப்பமும் வயோதிகராகிவிட்ட பாரதியாரின் பாடமும் ஒரு பக்கம், தமிழாசிரியரின் மனம் மறு பக்கம். ஒருவர் மெச்சும்படி நடக்க மற்ற இருவருக்கும் மனக்குறை வைக்க வேண்டியிருந்தது. பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று நமக்குச் சொல்கிறவர்கள், எந்தப் பெரியவர் என்பதைச் சொல்வதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குருகுலத்தில் பணிவிடை செய்தே காலம் போய், பாடம் எதுவும் கிடைக்காமல் வீடு திரும்பிய பிள்ளைகள் அந்தக் காலத்தில் இல்லாமலா இருந்திருப்பார்கள்? அவர்கள் சுயசரிதை எழுதவில்லை. சாமிநாதனின் உழைப்பைப் போலவே, அதற்கு ஈடு கொடுத்த ஆசிரியர் வாய்த்ததும் பெரிய விஷயம்.

1876 பிப்ரவரியில் திருவாவடுதுறையில் பிள்ளையவர்கள் காலமானார். கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்து திருவாசகம் படித்தவர் சாமிநாதையர். ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவரைப் போகவிடவில்லை. மடத்திலேயே வைத்துக்கொண்டு, மேலே பாடமும் சொல்லி, பிறருக்குப் பாடம் சொல்லவும் வைத்தார். ஆசிரியரிடம் சம்பாதித்த நல்ல பெயர் இப்படி அடுத்தவரிடமும் செல்லுபடியாயிற்று. 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற எண்ணியபோது, தம் இடத்துக்கு இவர்தான் வரவேண்டுமென்று முயன்று கொண்டுவந்து அமர்த்தினார். செட்டியாரும் பிள்ளையவர்களின் மாணவர். எளிதில் யாரையும் மெச்சுகிறவர் அல்லர். சம்பளம் மாதம் 50 ரூபாய். பின்னாளில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த வீட்டுக்குத் ‘தியாகராச விலாசம்’ என்று சாமிநாதையர் பெயர் வைத்தார்.

இதுவரை அவருக்கு மதிப்பளித்தவர்கள் எல்லாரும் ஒரே உலகத்து மனிதர்கள். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அவர் அடுக்கினால் தலையசைக்கிறவர்கள். அதே 1880ஆம் ஆண்டு அக்டோபரில் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். முதலியார் பெரியவரும் அல்லர், ஏறத்தாழ இவர் வயதுதான். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சாமிநாதையர் தம் பட்டியலைச் சொல்லச் சொல்ல முதலியார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இவற்றால் என்ன பயன் என்பதுபோல் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். இல்லை. சிலப்பதிகாரம், மணிமேகலை? அவையும் இல்லை. புத்தகம் கிடைத்தால் படித்துப் பொருள் சொல்ல முடியும் என்று மட்டும் இவர் துணிந்து சொன்னார். பிறகு முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியைத் திறந்தபோதுதான், அதில் தமக்குப் புரியாதது எவ்வளவு என்று தெரிந்தது. விளங்காத இடங்களைக் கேட்க அவருடைய ஆசிரியரும் உயிரோடு இல்லை. ஆனால் சிந்தாமணி சமண நூல், கும்பகோணத்தில் சமணர்கள் இருந்தார்கள். சைவ மடத்தில் வளர்ந்த பிராமணர், அவர்களுடைய நூலைச் சொல்லித் தரும்படி அவர்கள் வீட்டுக்குப் போய் நின்றதை அடுத்த வாரம் பார்ப்போம்.