பழைய ஆட்டத்துக்குப் புது வேஷம்

கால் மணி நேரமாக ஒரு மனிதன் புல் தரையில் குப்புறப் படுத்துக் கிடக்கிறான். முகமெல்லாம் பச்சை வர்ணம், சட்டையில் சேறு. நாலடி தூரத்தில் துப்பாக்கியும் கையுமாக ஒரு காவற்காரன் வந்து நிற்கிறான், இப்படியும் அப்படியும் பார்க்கிறான், திரும்பிப் போகிறான். படுத்திருந்தவன் மெல்லத் தவழ்ந்து இரண்டு முழம் முன்னேறுகிறான். மறுபடியும் படுத்துவிடுகிறான்.

"பார்த்தீங்களா, தம்பி! காலேஜ் விட்டு வந்ததிலேருந்து இதே கூத்துதான். ஓடறதும் இல்லே, சுடறதும் இல்லே. படுத்துக் கிடக்கிறதுக்கு ஒரு விளையாட்டா?" என்று அங்கலாய்த்துக்கொண்டே காப்பி டம்ளரை என் முன் வைத்தார், வீட்டுக்கார அம்மாள்.

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிள்ளைச்சாவடி என்று ஓர் ஊர். சாலையின் ஒரு புறம் கடல். கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கும் பொல்லாத கடல். இன்னொரு பெருமையும் ஊருக்கு உண்டு. புதுவை எஞ்ஜினீயரிங் காலேஜ் இருப்பது இங்கேதான். 2020-ம் வருஷத்திலிருந்து அது தொழில்நுட்பப் பல்கலைக் கழகம். அந்த அம்மாளின் புத்திரன் அங்கே மூன்றாம் வருஷம் கம்ப்யூட்டர் படிக்கிறான். புல்லில் படுத்துக் கிடந்தவன் அவன் இல்லை. டெலிவிஷன் பெட்டிக்குள் இருக்கும் வீரன். பிள்ளையாண்டான் நாற்காலியில் உட்கார்ந்து, கையடக்கமான ஒரு விசைப்பெட்டியால் அவனை ஆட்டி வைத்துக்கொண்டிருந்தான்.

"இது புது ஆட்டமா, தம்பி?" என்று கேட்டேன்.

"பழசு ஸார். நான் பிறக்கறதுக்கு முன்னாடியே வந்தது. இப்பப் புதுசாப் பண்ணியிருக்காங்க" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

பழைய ஆட்டத்தை ஏன் புதிதாகச் செய்ய வேண்டும்? அப்படிச் செய்வதில் என்ன கஷ்டம்? இதை விசாரிக்கப் போன இடத்தில், நம் நாட்டு இளைஞர்கள் சம்பந்தப்பட்ட ஒரு துயரக் கதையும் கிடைத்தது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்தப் படுத்துக் கிடக்கும் விஷயத்தைப் பார்ப்போம்.

ஜப்பானில் கொனாமி என்று ஒரு கம்பெனி. 1986-ல் ஹிடியோ கோஜிமா என்ற இளைஞர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். எம்.எஸ்.எக்ஸ்.2 என்ற வீட்டுக் கம்ப்யூட்டருக்காக ஒரு யுத்த ஆட்டம் தயாரிக்கச் சொன்னார்கள். அந்தக் கம்ப்யூட்டரோ சின்ன யந்திரம். பல உருவங்கள் ஒரே வரிசையில் வந்துவிட்டால், சில உருவங்கள் மினுக்கி மினுக்கி மறைந்துபோகும். பத்துப் பேர் இல்லாமல் யுத்தம் ஏது? தோட்டாக்கள் பறக்காமல் சண்டை ஏது? கோஜிமா யோசித்தார். சண்டை போடுவதற்குப் பதில், எதிரியின் கண்ணில் படாமல் தப்பிப் போவதையே ஆட்டமாக வைத்தால் என்ன? அப்போது ஆட்கள் நாலு பேர் போதும் அல்லவா? இப்படிப் பிறந்ததுதான் 1987-ல் வெளிவந்த 'மெட்டல் கியர்'. ஒளிந்து ஆடும் ஆட்டங்கள் அதற்கு முன்னும் சில இருந்தன. ஆனால் அந்த ஜாதி ஆட்டங்களுக்கு உலகத்தில் பெயர் வாங்கிக் கொடுத்தது இதுதான். வீட்டில் இருக்கும் நாலு கத்தரிக்காயை வைத்துக்கொண்டு எட்டுப் பேருக்குக் குழம்பு செய்யும் சாமர்த்தியம் ஸ்திரீகளுக்கு மட்டும் உரியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

அந்த வம்சத்தில் 2004-ல் பிறந்தது 'ஸ்னேக் ஈட்டர்'. பெயரே விசித்திரம்: பாம்பு தின்னி! கதை நடப்பது 1964-ல். அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் பனிப்போர் நடந்த காலம். ரஷ்யக் காட்டுக்குள் தனியாக இறக்கிவிடப்படும் வீரன், கிடைத்ததைத் தின்று உயிர் வாழ வேண்டும். பிடித்து வைத்த மாமிசத்தை நாலு நாள் தின்னாமல் வைத்திருந்தால் கெட்டுப்போகும். கெட்டதைத் தின்றால் வயிற்று வலி. குண்டு பட்டால் தோட்டாவைக் கத்தியால் எடுத்து, மருந்து போட்டு, கட்டுக் கட்ட வேண்டும். ஒரு கிழவர் வருகிறார், பாருங்கள். நூறு வயதைத் தாண்டியவர். குறி தவறாமல் சுடுவதில் மன்னர். அவரோடு சண்டை போட முடியாவிட்டால், ஆட்டத்தைப் பாதியில் சேமித்து வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து வரலாம். அதற்குள் கிழவர் வயதாகி இறந்துபோயிருப்பார்! இதைச் சொல்லும்போது பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அம்மாள் சிரிக்கவில்லை. "பாவம், பெரியவர்" என்றார்.

இதைத்தான் 2025 ஆகஸ்டில் புதிய கன்ஸோல்களுக்காகத் திரும்பச் செய்து வெளியிட்டார்கள். கோஜிமா பத்து வருஷம் முன்பே, 2015-ல், கம்பெனியை விட்டுப் போய்விட்டார். ஆசிரியர் இல்லாத வீட்டில் அவர் புத்தகத்தை மறு பதிப்புப் போடுவது மாதிரி! கொனாமியோடு சேர்ந்து வேலை செய்தது, சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வர்ச்சுவாஸ் என்ற கம்பெனி.

என்ன மாற்றினார்கள்? கண்ணுக்குத் தெரிவது எல்லாவற்றையும் மாற்றினார்கள். இலை, தண்ணீர், தலைமுடி அத்தனையும் புதிதாக வரைந்தார்கள். சேற்றில் தவழ்ந்தால் சேறு ஒட்டிக்கொள்கிறது. பட்ட காயம் தழும்பாகி ஆட்டம் முடியும் வரை உடம்பில் நிற்கிறது. முன்பெல்லாம் சட்டை மாற்றவேண்டுமென்றால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேறு பக்கத்துக்குப் போய்வர வேண்டும்; இப்போது ஒரு விசையில் முடிகிறது. விசைகளையே பழைய முறையிலும் வைத்துக்கொள்ளலாம், புது முறையிலும் வைத்துக்கொள்ளலாம்.

எதை மாற்றவில்லை? 2004-ல் நடிகர்கள் பேசிப் பதிவு செய்த குரல்களை அப்படியே வைத்துக்கொண்டார்கள். நடுவில் ஓர் ஏணி வருகிறது. வீரன் அதில் ஏறுகிறான், ஏறுகிறான், ஏறிக்கொண்டே இருக்கிறான். ஓர் எதிரி இல்லை, ஓர் ஆபத்து இல்லை. ஒரு பெண் குரல் மட்டும் பாடுகிறது. கணக்குப் பார்க்கும் எந்த மானேஜரும், "இது எதற்கு? வெட்டு!" என்றுதான் சொல்லியிருப்பார். வெட்டியிருந்தால் பழைய ரசிகர்கள் சண்டைக்கு வந்திருப்பார்கள். அந்த ஏணியில் ஏறும்போதுதான், தாங்கள் என்ன காரியத்துக்குப் போகிறோம் என்பது அவர்கள் மனத்தில் உறைத்ததாம். என்ன காரியம் என்கிறீர்களா? வீரனுக்குக் குருவாக இருந்து வித்தை கற்பித்தவள் ஒரு பெண்மணி. அவளையே கொன்றுவிட்டு வரும்படி அவனுக்கு உத்தரவு.

புதுவைக்காரர்களுக்கு இந்தச் சங்கடத்தை விளக்கவே வேண்டாம். கடற்கரைச் சாலையில் 1870-களின் தொடக்கத்திலிருந்து நின்ற நம் மேரி கட்டடம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை மறக்க முடியுமா? பழைய தோற்றத்திலேயே அதைத் திரும்ப எழுப்பி 2021-ல் திறந்தார்கள். அந்தத் தூண்கள், அந்த வெள்ளை முகப்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனாலும் இன்றைக்கும் அதன் எதிரில் நின்று, "பழைய மேரி மாதிரி வருமா?" என்று பெருமூச்சு விடும் பெரியவர்களைக் காணலாம். பழைய மேரியில் மழை ஒழுகியதும் காரை உதிர்ந்ததும் அவர்களுக்கு நினைவில்லை. நினைவில் இருப்பது அவர்களுடைய இருபது வயது!

இனி நம் நாட்டுக் கதை. இதில் வரும் ஆட்டம் ஒளிந்து ஆடுவது அல்ல. ஏறிக் குதித்து ஆடுவது. ஆனால் ஒளிந்து ஆடுவதில் இன்று பிரபலமாக இருக்கும் 'அஸாஸின்ஸ் க்ரீட்' வரிசை இதன் வயிற்றில் பிறந்த பிள்ளைதான். ஆகையால் உறவு விட்டுப்போகவில்லை.

'பிரின்ஸ் ஆப் பெர்ஷியா' என்ற பெயரைக் கேட்டதும் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் பலர் முகம் மலரும். 1989-ல் ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் அதைச் செய்தார். தம் தம்பியை ஓடவும் குதிக்கவும் சொல்லி, வீடியோவில் பிடித்து, ஒவ்வொரு அசைவாகப் படியெடுத்து இளவரசனுக்கு உயிர் கொடுத்தார். அதிலும் இட நெருக்கடி உண்டு. இன்னோர் எதிரியை வரைய யந்திரத்தில் இடம் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? இளவரசனின் நிழலையே இளவரசனுக்கு எதிரியாக்கிவிட்டார்!

பிற்பாடு யூபிஸாப்ட் என்ற பிரெஞ்சுக் கம்பெனி அந்த இளவரசனை எடுத்துக்கொண்டது. பிரான்ஸில் பிரிட்டனி மாகாணத்தைச் சேர்ந்த ஐந்து சகோதரர்கள் 1986-ல் ஆரம்பித்த கம்பெனி அது. கனடாவில் மான்ட்ரியல் நகரத்திலுள்ள அவர்களுடைய கூடத்தில் 2003-ல் தயாரான 'ஸாண்ட்ஸ் ஆப் டைம்' பிரமாதமான பெயர் வாங்கிற்று. கதை எங்கே தொடங்குகிறது என்கிறீர்கள்? நம் பாரத தேசத்தில்! ஒரு மகாராஜாவின் அரண்மனையைப் பாரசீகப் படை சூறையாடுகிறது. கதாநாயகி பாரா, அந்த மகாராஜாவின் பெண்.

2020 செப்டம்பரில் ஒரு செய்தி வந்தது. இந்த ஆட்டத்தைப் புதிய கன்ஸோல்களுக்காகத் திரும்பச் செய்கிறார்கள்; செய்கிறவர்கள் அந்தக் கம்பெனியின் புனா, பம்பாய்க் கிளைகளைச் சேர்ந்த நம்மவர்கள்! பெரிய ஆட்டங்களுக்கு மரம் வரைந்து கொடுப்பது, கார் வரைந்து கொடுப்பது, பிழை பார்ப்பது என்று திரைக்குப் பின்னால் நம் இளைஞர்கள் எத்தனையோ காலமாக உழைத்து வந்திருக்கிறார்கள். பெங்களூர் துருவா கம்பெனி 1997-லேயே ஆரம்பித்துவிட்டது. ஆனால் உலகப் புகழ் பெற்ற ஓர் ஆட்டத்தைத் தலைமை தாங்கி முழுக்க நாமே செய்வது என்பது வேறு விஷயம் அல்லவா?

முன்னோட்டப் படத்தை வெளியிட்டார்கள். உலகமெங்கும் கேலி. முகங்கள் பொம்மை போல் இருக்கின்றன. இது 2020-ம் வருஷத்து வேலையா என்றார்கள். சிலர் வேலையைக் குறை சொன்னதோடு நிற்காமல், செய்தவர்களின் நாட்டையும் இழுத்தார்கள். 2021 ஜனவரியில் வரவேண்டிய ஆட்டம் மார்ச்சுக்குத் தள்ளிப்போயிற்று. பிறகு தேதியே இல்லாமல் போயிற்று. 2022 மே மாதத்தில் அந்த வேலை புனாவிடமிருந்தும் பம்பாயிடமிருந்தும் எடுக்கப்பட்டு, மூல ஆட்டத்தைச் செய்த மான்ட்ரியலுக்கே திரும்பிப் போயிற்று.

சம்பந்தப்பட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! வளைகாப்புப் புடவைக்கு நாம் தைத்த சரிகையை நாலு பேர் முன்னால் பிரித்து, "இதை அம்மா வீட்டிலேயே தைத்துக்கொள்கிறோம்" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

கதை அங்கே முடிந்திருந்தால், "நம்மவர்களுக்குச் சாமர்த்தியம் போதாது" என்று ஊர் வாய் பேசியதே நிலைத்திருக்கும். முடியவில்லை. மான்ட்ரியல்காரர்களும் வருஷக் கணக்கில் பாடுபட்டார்கள். 2026-ல் வரும் என்று 2024-ல் அறிவித்தார்கள். 2026 ஜனவரியில் கம்பெனி தன் அமைப்பையே மாற்றியது. பல ஆட்டங்களைக் கைவிட்டது. கைவிட்டவற்றில் இதுவும் ஒன்று. முதலில் சொன்ன தேதியிலிருந்து சரியாக ஐந்து வருஷம்! மூலத்தைப் படைத்த கூடமே முடிக்காத காரியத்துக்காக, புனாவையும் பம்பாயையும் மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது நியாயமா? எனக்குத் தோன்றவில்லை. முன்னோட்டத்தில் குறை இருந்தது வாஸ்தவம், நானும் பார்த்தேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் போட்டியிட்டது 2003-ம் வருஷத்து ஆட்டத்தோடு அல்ல. அதைப் பதின்மூன்று வயதில் ஆடியவன் மனத்தில் வளர்த்து வைத்திருக்கும் ஆட்டத்தோடு. அதற்கு எந்த யந்திரத்தில் வர்ணம் தீட்டுவது?

இன்னொன்றும் சொல்லவேண்டும். அதே 2020-ல், அதே புனாவில், நோடிங் ஹெட்ஸ் என்ற சிறு கூட்டத்தார் 'ராஜி' என்ற சொந்த ஆட்டத்தைக் கன்ஸோலுக்குக் கொண்டுவந்தார்கள். காணாமற்போன தம்பியைத் தேடிப் புறப்படும் ஓர் அக்காளின் கதை. அதற்கு வெளிநாட்டிலும் நல்ல பெயர். பிறருடைய நினைவோடு மல்லுக்கட்டும் தொல்லை அதற்கு இல்லை.

இதையெல்லாம் நான் சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மாள் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பையன் படிப்பு முடித்து இந்தத் தொழிலுக்குத்தான் போகப்போகிறேன் என்று பிடிவாதமாக இருக்கிறான். ஆட்டப் பெட்டிக்கே ஏறத்தாழ ஐம்பதினாயிரம் ரூபாய். சீட்டுப் பணத்தில் வாங்கிக் கொடுத்தாராம்.

"ஐந்து வருஷம் வேலை செய்து, கடைசியிலே வேண்டாம்னு தூக்கிப் போட்டா, செஞ்சவங்களுக்கு என்ன மிச்சம், தம்பி?" என்று கேட்டார்.

சம்பளம் வந்திருக்கும், கை பழகியிருக்கும் என்றேன். அவர் திருப்தி அடைந்ததாகத் தெரியவில்லை. எனக்கும் அந்தப் பதில் திருப்தியாக இல்லை. பையன்தான் குறுக்கே புகுந்தான். "சொந்தமாப் பண்ணலாம்மா. சின்னதாப் பண்ணலாம். நானும் இன்னும் மூணு பேரும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம்."

"என்னடா யோசனை?"

"கடல் வந்து ஊரை எடுத்துக்கிட்டுப் போவுது. ராத்திரியிலே, யார் கண்ணிலும் படாம, அலைக்கு முந்தி வீட்டுச் சாமானையெல்லாம் வெளியே கொண்டு வரணும். அதான் ஆட்டம்."

அம்மாள் ஒன்றும் பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, ஆறிப்போன என் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போகப் போனவர், வாசற்படியில் நின்றார்.

"அந்தப் பொம்பிளை வாத்தியாரை அவன் கொல்றானா, இல்லையா?"

"அவன் கொல்ல மாட்டாம்மா. துப்பாக்கியை நீட்டிக்கிட்டு நிப்பான். விசையை நாமதான் அழுத்தணும்."

"அழுத்தலேன்னா?"

"அழுத்தற வரைக்கும் நிப்பான்."

"அப்போ அந்த இடம் வந்தா என்னைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு, காப்பியைச் சுட வைக்க உள்ளே போனார்.