ஒரு சாண் தூரத்தில் மைக்

ஐ.ஆர்.8 நெல் வந்தது 1966-ல். அதற்கு முன்பே சொந்தக் கையால் நாற்றுவிட்டுப் பழகியவர்களுக்கு இன்று 75 வயது தாண்டியிருக்கும். காட்டுயானத்தை எந்த மண்ணில் போட்டார்கள், விதைநெல்லுக்கு எத்தனை வெயில் காட்டினார்கள், கோட்டை கட்டி எங்கே வைத்தார்கள் என்பதில் எழுத்தில் ஏறியது கொஞ்சம். மீதி அவர்கள் நினைவில்தான் இருக்கிறது. அதைப் பதிவு செய்ய இளைஞர்கள் செல்போனோடு கிளம்புவது நல்ல காரியம். ஆனால், வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் காற்றிரைச்சலும் மோட்டார் சத்தமும்தான் முன்னால் நிற்கின்றன. பெரியவர் சொன்னதில் பாதி புரிவதில்லை.

கோளாறு போனில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால், ஒலியின் வலு நான்கில் ஒரு பங்காகிவிடும். மூன்றடி தள்ளிப் பிடித்த போனுக்குப் பதில், வாயிலிருந்து ஒரு சாண் கீழே மைக் இருந்தால் பேச்சு 16 மடங்கு வலுவாக விழும். பம்புசெட் சத்தமோ முன்பிருந்த அளவில்தான் இருக்கும். சில நூறு ரூபாய் காலர் மைக் செய்வது இந்த ஒரு வேலைதான், அதுவே போதும்.

வாங்கும்போது செருகும் பின்னைப் பார்க்க வேண்டும். மூன்று கறுப்பு வளையம் இருந்தால் போனுக்கானது. இரண்டே இருந்தால் கேமராவுக்கானது. வட்டத் துளை இல்லாத புதுப் போன்களுக்கு டைப்-சி மைக் கிடைக்கிறது. மாட்டியதும் மைக்கை நகத்தால் லேசாகத் தட்டி, பதிவு செய்து கேட்டுவிட வேண்டும். 'டொக்' என்று பெரிதாகக் கேட்காவிட்டால், போன் இன்னும் தன் சொந்த மைக்கில்தான் பதிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

காலர் மைக் என்று பெயர். நம் பெரியவர்கள் பலருக்குச் சட்டையே கிடையாது! தோளில் கிடக்கும் துண்டை மார்பின் குறுக்கே போட்டு, அதில் மாட்டலாம். பேச்சின் நடுவே துண்டை உதறி முகம் துடைப்பார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. பெண்களிடம் மைக்கைக் கையில் கொடுத்து, அவர்களையே மாட்டிக்கொள்ளச் சொல்வதுதான் மரியாதை. தாலிச் சங்கிலி மைக்கில் உரசினால் ஒவ்வொரு அசைவுக்கும் கரகரவென்று விழும்.

காற்றுக்கு மைக்கோடு வரும் பஞ்சு உறை ஓரளவுதான் தாங்கும். ஆடி மாதத்தில் வரப்பைவிட வைக்கோல் போரின் மறைவு மேல். சுற்றுவட்டாரத்தில் மோட்டார் ஓடாத நேரமாகப் பார்த்துப் போவது நல்லது. போனை ஃபிளைட் மோடில் போடாவிட்டால், முக்கியமான இடத்தில் அழைப்பு வந்து பதிவு நின்றுபோகும்.

இவ்வளவு செய்தும் பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் கேட்பவரின் 'ஆமாங்க, சரிங்க'தான். தலையை ஆட்டினால் போதும். பெரியவர் நிறுத்தினாலும் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். யோசித்து அடுத்துச் சொல்வதில்தான் பல நேரம் விஷயம் இருக்கும். நாகப்பட்டினம் பக்கம் 'புயலடிச்ச வருஷம்' என்பார்கள். 1952-ஆ, 1977-ஆ, 2018 கஜாவா என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும். மரக்கால், குழி என்று சொன்னால், அவர்கள் ஊரில் அது எவ்வளவு என்பதையும் அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். ஊருக்கு ஊர் அளவு மாறும்.

தொடக்கத்திலேயே பெயர், ஊர், தேதி மூன்றையும் சொல்லி, பதிவு செய்யச் சம்மதமா என்று கேட்பது அவசியம். பேச்சு வாக்கில் பங்காளித் தகராறும் கடன் கதையும் வரத்தான் செய்யும். 'அதை எடுத்துருப்பா' என்று அவர் சொன்னால், எடுத்துவிட வேண்டியதுதான்.

ஒரு மணி நேரப் பேச்சு, வேவ் வடிவில் ஏறக்குறைய 320 எம்.பி. பிடிக்கும். 128 கே.பி.பி.எஸ். எம்.பி.3-யில் 60 எம்.பி-க்குள் அடங்கும், பேச்சுக்கு அது தாராளம். அன்றே வேறு இடத்தில் ஒரு பிரதி எடுத்துவைத்து, இன்னொன்றை மெமரி கார்டில் அந்த வீட்டாரிடம் கொடுத்துவிடலாம்.