தூத்துக்குடி மாவட்ட மகளிர் சுயஉதவிக்குழுக்களும் தொழில்முனைவும்

பாஞ்சாலங்குறிச்சி என்றதும் கட்டபொம்மனின் கோட்டை நினைவுக்கு வரும். அந்த ஊர் இருக்கும் ஒட்டப்பிடாரம் வட்டாரம் மழையை நம்பிய கரிசல் காடு. மழை பொய்த்தால் இங்கே காட்டு வேலை இல்லை. மழை பெய்தாலோ தூத்துக்குடி உப்பளங்களில் வேலை நின்றுவிடும். வருமானம் இல்லாத மாதங்களில் வீட்டுச் செலவுக்குக் கடன் தேடுவது பெரும்பாலும் பெண்களின் பாடு. இந்த நிலையை மாற்ற உதவும் அமைப்புகளுள் ஒன்று மகளிர் சுயஉதவிக்குழு.

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் தொடங்கப்பட்டது. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தருமபுரி மாவட்டத்தில் குழுக்கள் அமைக்கப்பட்டன. அந்த அனுபவத்திலிருந்து 1997-98இல் மகளிர் திட்டம் உருவாகி, பிற மாவட்டங்களுக்கும் பரவியது.

குழு இயங்கும் முறை

ஒரே ஊரைச் சேர்ந்த 12 முதல் 20 பெண்கள் ஒரு குழுவாகச் சேர்கின்றனர். எடுத்துக்காட்டாக, 15 பேர் மாதம் 200 ரூபாய் சேமித்தால் ஓராண்டில் 36,000 ரூபாய் சேரும். அதிலிருந்து ஒருவர் 5,000 ரூபாயை இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால், மாத வட்டி 100 ரூபாய். அதுவும் குழுவின் பொதுப் பணத்திலேயே சேரும். அதே தொகையைப் பத்து ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்கினால் மாதம் 500 ரூபாய் போய்விடும். சேமிப்பையும் கணக்கையும் ஒழுங்காக நடத்தும் குழுவுக்கு வங்கி பிணை கேட்காமல் கடன் தருகிறது.

கடனைவிடப் பெரிய பயன் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. யாருக்கு, எதற்காக, எவ்வளவு கொடுப்பது என்று கூட்டத்தில் பேசி எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஊக்குநரும் பிரதிநிதிகளும் வங்கிக்குப் போய்ப் பேச வேண்டும். பாடநூல்கள் வாழ்க்கைத்திறன் என்று சொல்வதெல்லாம் இங்கே வேலையோடு வேலையாக வந்துவிடுகிறது.

தொழிலாக மாறும் இடம்

குழுக்கடன் மருத்துவத்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் செலவாவதைக் குறை சொல்வோர் உண்டு. கந்துவட்டியிலிருந்து மீள்வதும் முன்னேற்றமே. ஆனால் அது மட்டும் தொழில்முனைவு ஆகிவிடாது. தன் பொருளுக்குத் தானே விலை வைக்கத் தெரிய வேண்டும்.

கருப்பட்டியைப் பார்ப்போம். ஆண்கள் இறக்கும் பதநீரை விடிலியில் காய்ச்சுவது பெரும்பாலும் பெண்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் எட்டு லிட்டர் பதநீர் வேண்டும். அடுப்பருகே பல மணி நேரம் நின்று, பாகின் பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்ற வேண்டும். விலை போடும்போது விறகுச் செலவைச் சேர்ப்பவர்கள்கூடத் தங்கள் கூலியைச் சேர்ப்பதில்லை. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் அவர் சொல்வதே விலை. முன்பணத்துக்குப் பதிலாகக் குழுக்கடன் கிடைத்தால், சரக்கை இருப்பு வைத்து விலை ஏறும்போது விற்கலாம்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இலும், உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் மலிந்திருப்பதால் இந்த அடையாளத்துக்கு மதிப்பு அதிகம். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்தவர்தான் இதைப் பயன்படுத்த முடியும். உணவுப் பாதுகாப்புப் பதிவும் சரியான சிட்டையும் தனியாக வேண்டும். படித்த இளைஞர்கள் கைகொடுக்க வேண்டியது இங்கேதான். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் கிராமத்து இளைஞர்களுக்குக் கட்டணமின்றித் தொழிற்பயிற்சி தருகின்றன. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் மாணவர்களுக்குத் திறன் பயிற்சி அளிக்கிறது. அங்கே கற்ற கணக்கையும் கணினியையும் கொண்டு, தாயின் குழு செய்யும் பொருளுக்கு இணையத்தில் வாங்குவோரைத் தேடித் தருவது ஒரு மகளாலோ மகனாலோ முடியக்கூடிய வேலை.