சொடுக்கும் சுருள்வில்

முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றை மேசைமீது செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் மேல்முனையில் உள்ளங்கையை வைத்து மெதுவாகக் கீழ்நோக்கி அழுத்துங்கள். முதலில் அளவுகோல் அசையாது; ஒரு தூணைப் போல உங்கள் கையைத் தாங்கி நிற்கும். இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள். திடீரென்று அது பக்கவாட்டில் வில்லாக வளைந்துவிடும். அதன்பிறகு கையை இறக்கிக்கொண்டே போகலாம். எதிர்ப்பு ஏறக்குறைய ஏறுவதே இல்லை.

இந்தத் திடீர் வளைவைத்தான் 'நெளிவு' என்கிறோம். அளவுகோல் ஒடியவில்லை, நசுங்கவும் இல்லை. ஆனாலும் அதன் தாங்கும் திறன் ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. அந்த எல்லை எதைப் பொறுத்தது என்பதை 1744-ல் வெளியிட்ட ஒரு நூலில் கணக்கிட்டுக் காட்டியவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த கணித மேதை லியோனார்டு ஆய்லர். தூண் எவ்வளவு சுமை தாங்கும் என்பது அதன் நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்றார் அவர். அதாவது, அதே அகலமும் தடிமனும் உள்ள 15 சென்டிமீட்டர் அளவுகோலை நெளியவைக்க நான்கு மடங்கு விசை வேண்டும். சமையலறைத் தராசின்மீது அளவுகோலை நிறுத்தி அழுத்திப் பாருங்கள். எண்கள் சரியாக நான்கு மடங்காக வராவிட்டாலும் அதற்கு அருகில் வரும்.

கட்டடம் கட்டுவோருக்கு நெளிவு ஒரு பகை. அதைத் தவிர்க்கவே அவர்கள் படாத பாடு படுகிறார்கள். ஆனால் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் பொறியாளர் ரிச்சர்டு ஹன்டர் ஹாரிஸ் அந்தப் பகையையே வேலைக்கு அமர்த்திக்கொண்டார். கணிப்பொறியின் விசைப்பலகையில் ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் ஒரு சிறு சுருள்வில்லை நிறுத்தி, அது நெளியும் கணத்தையே எழுத்து பதியும் கணமாக ஆக்கினார். இதற்கான காப்புரிமை 1978-ல் வழங்கப்பட்டது.

(இங்கே ஒரு சொற்சிக்கல். தமிழில் இயற்பியலார் அளக்கும் விசைக்கும், விரல் தட்டும் விசைக்கும் ஒரே சொல். குழப்பம் வேண்டாம், விரல் தட்டுவதைப் 'பொத்தான்' என்றே சொல்லிவிடுகிறேன்.)

ஒரு பொத்தானுக்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு? பழைய தட்டச்சுப்பொறியை நினைத்துப் பாருங்கள். பொத்தானைத் தட்டினால் நெம்புகோல் எழும்பி, எழுத்துக்கட்டை மை நாடாவின்மீது 'டக்' என்று மோதும். எழுத்து விழுந்ததை விரலும் காதும் உடனே அறிந்துகொள்ளும். கண்ணை மூலப்பிரதியிலிருந்து எடுக்காமலே ஒருவர் பக்கம் பக்கமாக அடிக்க முடிந்ததற்கு இதுவே காரணம். மின்னணுக் கருவிகள் வந்தபோது அந்த நெம்புகோல்கள் மறைந்தன. பொத்தான் வெறும் மின் இணைப்பு மாற்றியாகிவிட்டது. எழுத்து விழுந்ததா இல்லையா என்று திரையை நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும் என்ற நிலை வந்தது. நாள் முழுவதும் கணக்குச் சீட்டுகளைப் பார்த்து எண்களைப் பதிவு செய்பவருக்கு இது சிறு தொல்லையன்று. ஓர் இலக்கம் விழாமல் போனால் ஆயிரம் நூறாகிவிடும்.

மின்சாரப் பக்கத்தில் மட்டும் பார்த்தால் மிக அருமையான பொத்தான்கள் அப்போதே இருந்தன. ஹனிவெல் நிறுவனத்தின் மைக்ரோ சுவிட்ச் பிரிவு 1968-ல் ஹால் விளைவைப் பயன்படுத்தி விசைப்பலகை செய்தது. பொத்தானோடு ஒரு காந்தம் இறங்கும். அது நெருங்குவதை ஒரு குறைகடத்திச் சில்லு உணரும். உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை என்பதால் தேய்மானம் மிகக் குறைவு. ஆனால் விரலுக்கு வெறும் சுருள்வில்லின் எதிர்ப்பு மட்டுமே சீராக ஏறிக்கொண்டு போகும். எங்கே எழுத்து விழுந்தது என்பதற்கு அடையாளம் கிடையாது. வேறு சிலர் ஒலியைத் தனியாகச் சேர்த்தார்கள். 1978-ல் வெளிவந்த வி.டி.100 என்ற முனையத்தின் விசைப்பலகைக்குள் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. ஒவ்வொரு பொத்தானுக்கும் அது 'டிக்' என்று ஒலிக்கும்; வேண்டாமென்றால் நிறுத்தியும் வைக்கலாம். காதுக்குச் செய்தி கிடைத்தது, விரலுக்கு இல்லை.

இனி ஹாரிஸின் அமைப்பைப் பிரித்துப் பார்ப்போம். ஒவ்வொரு பொத்தானுக்கும் கீழே ஒரு குழல். குழலுக்குள் மெல்லிய எஃகுச் சுருள்வில் ஒன்று நிற்கிறது. அதன் மேல்முனை பொத்தானின் உட்புறத்தில் பொருந்தியிருக்கிறது. கீழ்முனை, குழந்தைகள் ஏறி விளையாடும் ஏற்றப்பலகை போல ஆடக்கூடிய ஒரு சிறு பிளாஸ்டிக் தட்டின்மேல் செருகப்பட்டிருக்கிறது. இதை 'ஆடுதட்டு' என்று வைத்துக்கொள்வோம்.

பொத்தானை அழுத்தத் தொடங்கும்போது சுருள்வில் ஹூக் விதிப்படி ஒழுங்காகச் சுருங்குகிறது. அதன் விசை ஆடுதட்டை ஒரு பக்கமாகச் சாய்த்தே பிடித்து வைத்திருக்கிறது. சுமார் இரண்டரை மில்லிமீட்டர் இறங்கியதும், விரலின் விசை சுமார் 65 கிராம் எடை அளவுக்கு ஏறியதும், வில் நெளிகிறது. நடுப்பகுதி பக்கவாட்டில் பாய்ந்து குழலின் சுவரில் மோதுகிறது. அதே கணத்தில் வில்லின் கீழ்முனை திரும்பி, ஆடுதட்டை மறுபக்கம் சாய்த்து எறிகிறது. வில் எந்தப் பக்கம் நெளியும் என்பது தற்செயலுக்கு விடப்படவில்லை. தொடக்கத்திலேயே அது சற்றுச் சாய்வாக வைக்கப்பட்டிருப்பதால் எப்போதும் ஒரே பக்கம்தான் வளையும். உங்கள் அளவுகோலை முதலிலேயே இம்மியளவு வளைத்துப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் இது விளங்கும்.

ஒரே நிகழ்ச்சியில் மூன்று காரியங்கள் முடிந்துவிட்டதைக் கவனித்தீர்களா? வில் நெளிந்ததால் எதிர்ப்பு சட்டென்று குறைந்தது, விரல் அறிந்தது. சுவரில் மோதியதால் சொடுக்கொலி எழுந்தது, காது அறிந்தது. ஆடுதட்டு சாய்ந்தது, கணிப்பொறி அறிந்தது. இந்த அமைப்பின் சிறப்பு முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. இங்கே ஒலி ஒட்டவைத்த அலங்காரமன்று. ஒலி கேட்டால் எழுத்து விழுந்தது என்று நம்பலாம்.

ஆடுதட்டு சாய்ந்ததைக் கணிப்பொறி அறிய இரண்டு வழிகள் கையாளப்பட்டன. 1981-ல் வந்த ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறியின் 'மாடல் எஃப்' விசைப்பலகையில் ஆடுதட்டு மின்கடத்தும் பொருளால் ஆனது. அதன் கீழே மின்சுற்றுப் பலகையில் இரண்டு சிறு உலோகத் திட்டுகள் இருக்கின்றன. தட்டு ஆடும்போது அவற்றுக்கிடையே உள்ள மின்தேக்குத் திறன் மாறுகிறது. அதை ஒரு மின்சுற்று கண்டுகொள்கிறது. 1985 வாக்கில் வந்த 'மாடல் எம்' மலிவான வழியைப் பின்பற்றியது. அதில் ஆடுதட்டு, மின்தடங்கள் அச்சிடப்பட்ட இரண்டு பிளாஸ்டிக் தாள்களை ஒன்றோடொன்று சேர்த்து அழுத்துகிறது. வில்லும் நெளிவும் இரண்டிலும் ஒன்றே.

இன்னொரு நுட்பமும் உண்டு. விரலைத் தளர்த்தும்போது, நெளிந்த அதே இடத்தில் வில் நிமிர்ந்துவிடுவதில்லை. பொத்தான் இன்னும் சற்று மேலே வந்த பிறகுதான் நிமிர்கிறது. காந்தவியல் பாடத்தில் 'தயக்கம்' என்று படித்திருப்பீர்கள். அதே குணம்தான் இது. இந்தத் தயக்கம் இல்லாவிட்டால், எல்லைக்கோட்டில் விரல் லேசாக நடுங்கினாலும் ஓர் எழுத்து இரண்டு மூன்றாக விழும்.

ஒலிக்கு வருவோம். நெளியும்வரை விரல் செய்த வேலையைத் தோராயமாகக் கணக்கிடலாம். சராசரி விசை 0.4 நியூட்டன், தூரம் 2.5 மில்லிமீட்டர் என்றால் வேலை 0.001 ஜூல். ஒரு கிராம் எடையைப் பத்து சென்டிமீட்டர் தூக்கும் ஆற்றல்தான்! இதில் மிகச் சிறு பகுதியே ஒலியாகிறது. இருந்தும் அறை முழுவதும் கேட்கிறதே, எப்படி? ஆற்றல் மிகக் குறுகிய நேரத்தில் வெளிப்படுவது ஒரு காரணம். மோதலின் அதிர்ச்சி, பலகையின் அடியிலுள்ள எஃகுத் தகட்டுக்கும் பிளாஸ்டிக் கூட்டுக்கும் பரவி அவற்றையும் அதிரச் செய்வது மற்றொன்று. (மாடல் எம் சுமார் இரண்டு கிலோ எடை இருப்பதில் இந்தத் தகட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.) காதைக் கூர்மையாக்கிக் கேட்டால், ஒரு தட்டலில் இரண்டு சொடுக்குகள் கேட்கும், வில் நெளியும்போது ஒன்று, நிமிரும்போது ஒன்று.

இன்று பல அலுவலகங்களில் இருக்கும் மலிவான விசைப்பலகைகளில் சுருள்வில்லுக்குப் பதில் ரப்பர்க் குமிழ் இருக்கிறது. அதுவும் நெளிவால்தான் அமுங்குகிறது என்பது வேடிக்கை. ஆனால் குமிழ் குழிவதை விரல் முதலில் உணர்கிறது. மின் இணைப்போ குமிழ் அடித்தளத்தைத் தொட்ட பிறகே ஏற்படுகிறது. உணர்ச்சி ஓரிடம், எழுத்து வேறிடம். அதனால்தான் ஒவ்வொரு பொத்தானையும் அடிவரை அழுத்த வேண்டியிருக்கிறது. விலை மிகக் குறைவு என்பதால் 1990-களில் இதுவே வென்றது.

சுருள்வில் பலகைகள் அடியோடு மறைந்துவிடவில்லை. கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் இருந்த ஐ.பி.எம். தொழிற்பிரிவு 1991-ல் லெக்ஸ்மார்க் என்ற தனி நிறுவனமாயிற்று. 1996-ல் அந்த விசைப்பலகைத் தொழிலை யூனிகாம்ப் என்ற சிறு நிறுவனம் ஏற்றுக்கொண்டு தொடர்ந்து நடத்தி வருகிறது. பழைய பலகைகளைத் தேடி வாங்கிப் பழுது பார்ப்பவர்களும் உண்டு. சொடுக்குக்குப் பின் வில் கம்பியில் சிறிது நேரம் நீடிக்கும் 'ணிங்' என்ற மெல்லிய ரீங்காரம் அவர்களில் சிலருக்குப் பிடிப்பதில்லை. பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலில் ஒரு சிறு துண்டை ஒவ்வொரு வில்லுக்குள்ளும் நுழைத்துவிடுகிறார்கள். நூலின் உராய்வு கம்பியின் அதிர்வை விரைவில் தணித்துவிடுகிறது, ரீங்காரம் அடங்குகிறது. சொடுக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.