முடிவு தெரிந்த கதை

2024 தீபாவளிக்கு ‘அமரன்’ வந்தது. அந்த வார இறுதியில் ராயப்பேட்டை சத்யத்தில் டிக்கெட் கிடைத்தது. முதல் பாதி வழக்கமான சிவகார்த்திகேயன் படக் கூட்டம்தான். அவர் முகம் தெரிந்ததும் விசில், கல்லூரிக் காதலுக்குச் சிரிப்பு. பின்வரிசைப் பையன்கள் நாயகி சாய் பல்லவி வரும்போதெல்லாம் கைதட்டினார்கள். இடைவேளைக்குப் பிறகு அதே பையன்களிடம் சத்தமே இல்லை. பக்கத்து சீட் அம்மாள் ஆசையாக வாங்கி வந்த பாப்கார்ன் மடியிலேயே ஆறிப்போனது. துப்பாக்கி வெடிக்கும்போதெல்லாம் பேரன் காதைப் பொத்தினார். அவனோ கையை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இத்தனைக்கும் முடிவு என்னவென்று எல்லோருக்கும் தெரியும். இது மேஜர் முகுந்த் வரதராஜனின் நிஜக் கதை. அவர் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியான் மாவட்டம் காஜிபத்ரி கிராமத்தில் நடந்த மோதலில் இறந்தார். வயது 31. மூன்று நாள் கழித்து பெசன்ட் நகர் மயானத்தில் ராணுவ மரியாதையோடு தகனம் நடந்தது. அடுத்த ஆண்டு குடியரசு தினத்தில் அவர் மனைவி இந்து ரெபெக்கா வர்கீஸ் அசோக சக்ரா விருதைப் பெற்றுக்கொண்டதை நாடே டி.வி.யில் பார்த்தது. அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கத்து ஜனங்களுக்கு இது எங்கோ எல்லையில் நடந்த சமாச்சாரம் இல்லை. தெரு முனையில் முடிந்த கதை.

சஸ்பென்ஸ் இல்லாத ஒரு சண்டைப் படத்தை மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எப்படி உட்கார்ந்து பார்த்தார்கள்? இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமி கதையை இந்துவின் பக்கம் நின்று சொன்னதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மோதல் காட்சிகளுக்குச் சமமாக, போனிலேயே ஓடும் ஒரு குடும்பத்தையும் காட்டினார். வெளியே வந்தவர்கள் சண்டையைப் பற்றிப் பேசவில்லை. “அந்தப் பொண்ணு எப்படித் தாங்கிச்சோ” என்றுதான் பேசினார்கள். பறங்கிமலை ராணுவ அகாடமியை வெளியே இருந்து மட்டுமே பார்த்துப் பழகிய ஊர் சென்னை. முகுந்த் அங்கே பயிற்சி முடித்து 2006-ல் ராஜ்புத் ரெஜிமெண்டில் சேர்ந்தார் என்பதும், பல ரெஜிமெண்டுகளிலிருந்து ஆட்களைக் கொஞ்ச காலத்துக்கு இரவல் வாங்கி நடக்கும் படைதான் ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் என்பதும், அதில் 44-வது பட்டாலியனுக்குத்தான் அவர் போனார் என்பதும் பலருக்குப் படம் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

கண்ணைத் துடைத்த கையோடு சண்டையும் ஆரம்பித்தது. மயிலாப்பூர் மாட வீதியில் காபி டம்ளரும் கையுமாக ஒரு பெரியவர் தன் நண்பரிடம் கேட்டார்: “அவா ஆத்துல ஒரு ‘வாங்கோ’ கூடவா சொல்ல மாட்டா?” முகுந்த் பிராமணக் குடும்பம் என்பதைப் படம் சொல்லவில்லை என்பதுதான் வருத்தம். அவரை இந்தியனாகவும் தமிழனாகவும் காட்டினால் போதும் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதாக இயக்குநர் விளக்கம் சொன்னார். குடும்பமே சொன்ன பிறகு நமக்கென்ன என்பது என் கட்சி. ஆனாலும் திரைக்கதைக்காரனாகப் பார்த்தால் பெரியவர் கேட்டது நியாயம்தான். இந்துவின் மலையாளக் கிறிஸ்தவ வீடு அதன் வாசனையோடு வருகிறது. முகுந்தின் வீடு அப்படி வரவில்லை. காதலுக்கு வரும் எதிர்ப்பில் பாதிதான் திரையில் இருக்கிறது.

இன்னொரு பக்கம், காஷ்மீர் முஸ்லிம்களைக் காட்டிய விதத்துக்கு எஸ்.டி.பி.ஐ. கட்சி எதிர்ப்புத் தெரிவித்தது. நவம்பர் 16 அதிகாலை, படம் ஓடிக்கொண்டிருந்த திருநெல்வேலி மேலப்பாளையம் அலங்கார் தியேட்டரில் பெட்ரோல் குண்டு வீசினார்கள். நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. குண்டை யாரும் விமர்சனமாக எடுத்துக்கொள்ள முடியாது. அதற்காகக் கேள்வியே இல்லை என்றும் ஆகிவிடாது. இவ்வளவு நீளப் படத்தில் சாதாரணமாகப் பிழைத்துக்கொண்டிருக்கும் ஒரு காஷ்மீர்க் குடும்பம் என் நினைவில் நிற்கவில்லை. தமிழ் சினிமாவுக்கு இது புதிதும் இல்லை. 1961-ல் ஸ்ரீதரின் ‘தேன் நிலவு’ காஷ்மீரில் ஏரியையும் படகையும் காட்டியது. 1992-ல் ‘ரோஜா’ எடுத்தபோது அங்கே போக முடியாத நிலைமை, மணாலியைக் காஷ்மீராக்கினார்கள். ஊர் வந்துவிடும், ஊர்க்காரர்கள் வரமாட்டார்கள்.

நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. படத்தில் நாயகி துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கும் போன் நம்பர், சென்னையில் படிக்கும் ஒரு இன்ஜினீயரிங் மாணவருடைய நிஜ நம்பர்! சாய் பல்லவியிடம் பேச வேண்டும் என்று ராப்பகலாக அழைப்புகள். மனுஷன் தூக்கம் போய், 1.1 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். தயாரிப்புத் தரப்பு மன்னிப்புக் கேட்டு, நம்பரை மறைத்தது. நிஜக் கதை என்று விளம்பரம் செய்தால் நம் ஜனங்கள் அதை எவ்வளவு தூரம் நம்புவார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்!

நான் கேட்டதில் மறக்க முடியாத விமர்சனம் தி.நகரில் கிடைத்தது. பெரியப்பா மகன், சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். படம் பார்த்த இரண்டாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். தீபாவளிப் பலகாரம் இன்னும் தீரவில்லை. படத்தில் சல்யூட் சரி, துப்பாக்கி பிடித்தது சரி, ஓரிரு இடத்தில் தலைமுடிதான் நீளம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, “ஏம்ப்பா, அன்னைக்கு மேஜரோட இன்னொரு பையனும் செத்தானே, சிப்பாய். படத்துலயும் வர்றான். அவன் பேர் என்ன, சொல்லு பார்ப்போம்” என்றார்.

அழுதுகொண்டே பார்த்த படம். எனக்குப் பெயர் வரவில்லை. உள்ளேயிருந்து அண்ணி, “வந்தவங்களுக்கு ஏன் பரீட்சை வைக்கிறீங்க?” என்றார்.

“விக்ரம் சிங்” என்று அண்ணனே சொல்லிவிட்டு, முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.