உப்பும் சிறுநீரகமும் இரத்த அழுத்தமும்

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் முன்னோர் மொழி. உப்பின்றி உடலும் இயங்காது. ஆயினும், இரத்த அழுத்தம் உள்ளவர் உப்பைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் கூறும்போது, தோட்டப் பாட்டாளிகள் பலர் நியாயமானதோர் ஐயத்தை எழுப்புகின்றனர்: "விடியுமுன்னே பால்மரம் வெட்டப் போகிறோம், சட்டை நனைய வியர்க்கிறது, வியர்வையோ உப்புக் கரிக்கிறது. போன உப்பை ஈடுசெய்ய வேண்டாமா?" இவ்வினாவிற்கு விடை நம் சிறுநீரகங்களில் இருக்கிறது.

சிறுநீரகம் வைக்கும் கணக்கு

சிறுநீரகங்கள் கழிவை வடிகட்டுவதோடு நில்லாமல், உடலிலுள்ள உப்பிற்கும் கணக்கு வைக்கின்றன. உப்போ இரத்த ஓட்டமோ குறைந்தால், அவை 'ரெனின்' என்னும் பொருளை இரத்தத்தில் விடுகின்றன. சுவீடன் நாட்டில் ஆய்வு செய்த அறிஞர்களான டீகர்ஸ்டெட், பெர்க்மன் இருவரும் 1898-ஆம் ஆண்டில் முயலின் சிறுநீரகச் சாற்றில் இதனைக் கண்டறிந்தனர். ரெனினின் செயலால் பிறக்கும் 'ஆஞ்சியோடென்சின்' இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அத்துடன், சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பியைத் தூண்டி, 'ஆல்டோஸ்டிரோன்' என்னும் ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. இது உப்பை வெளியேறவிடாமல் மீண்டும் இரத்தத்திற்கே திருப்புகிறது.

இதே ஹார்மோன் வியர்வைச் சுரப்பிகளிலும் வேலை செய்கிறது. ஆதலால், வெயிலுக்குப் பழகிய உடலின் வியர்வையில் உப்பு குறைவாகவே கழிகிறது. நாள்தோறும் உழைப்பவருக்கு வழக்கமான உணவிலுள்ள உப்பே பெரும்பாலும் போதும். வியர்வைக்கு ஈடாக முதலில் வேண்டியது தண்ணீரே.

உப்பு மிகுந்தால்

உப்பு மிகும்போது ரெனின் அடங்கி, மிகுதி உப்பு சிறுநீரில் கழிய வேண்டும். வயது ஏறியவர்க்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்க்கும் இது எளிதில் நடப்பதில்லை. தேங்கிய உப்பு நீரைப் பிடித்துவைக்கிறது. குழாயில் நீர் பெருகினால் அழுத்தம் ஏறுவதுபோல், இரத்த அழுத்தமும் ஏறுகிறது. அவ்வழுத்தம் சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களைக் கெடுக்க, உப்பைக் கழிக்கும் ஆற்றல் மேலும் குன்றுகிறது.

இத்தனையும் பெரும்பாலும் வலியின்றியே நிகழ்கின்றன. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர் பத்துப் பேரில் மூவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் அதனை அறியாதிருந்தனர்.

மாத்திரையை நிறுத்தலாமா?

பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததன் பயனாக, ஆஞ்சியோடென்சின் உண்டாவதைத் தடுக்கும் 'கேப்டோபிரில்' மாத்திரை 1981-இல் வழக்கிற்கு வந்தது. அவ்வகை மாத்திரைகள் இன்று பலருக்கும் தரப்படுகின்றன. இவற்றால் சிலருக்கு வறட்டு இருமல் தோன்றும். அப்போது மருத்துவரிடம் கூறினால் வேறு மாத்திரை தருவார். தாமாக நிறுத்துதல் தவறு. "நலமாகத்தானே இருக்கிறேன்" என்று நிறுத்துவோரும் உளர். அந்த நலமே மாத்திரை தந்த பயன் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

சமையலறையில் செய்ய வேண்டியவை

நாளொன்றுக்கு 5 கிராமிற்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி அளவு. கருவாடு, நெத்திலி, ஊறுகாய், அப்பளம், கிச்சாப்பு, மீ பொட்டலத்துத் தூள் ஆகியவற்றில் உள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும். கருவாட்டை நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கலாம். அக்குழம்பிற்குத் தனியே உப்பு வேண்டாம். புளி, எலுமிச்சை, மிளகு ஆகியவை சுவைக் குறையை நிரப்பும். உப்பிற்கு மாற்றாக விற்கப்படும் பொட்டாசிய உப்பைச் சிறுநீரக நோயாளிகளும் மேற்கூறிய மாத்திரை உண்போரும் மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்தலாகாது.

அடுத்த முறை கிளினிக்குக்குச் செல்லும்போது, எந்நோய்க்காகச் சென்றாலும், இரத்த அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். 140-க்கு 90 என்னும் அளவையோ அதற்கு மேலோ காட்டினால், மீண்டும் அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள். குடும்பத்தைக் காக்க உழைக்கும் உடலை நாமே காத்துக்கொள்வோம்.